தவளை ரேடியோ, பன்றி ரேடியோ: இவர்களுக்கெல்லாம் யார் பெயர் வைக்கிறார்கள்?

வத்தலகுண்டான் (கேள்வி):

பிட்ஸ்பர்கில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பெரியவள் ஸ்டேட் காலேஜில் படிக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது அவளைக் கூட்டிவரவோ கொண்டுபோய் விடவோ ஓட வேண்டும். 22ஆம் நம்பர் சாலையில் கிழக்கே போய், கிரெஸன் மலையில் ஏறி இறங்கினால் அல்டூனா. அங்கே 99ஐப் பிடித்து வடக்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம். போனைக் காரோடு இணைக்கும் ஒயர் போன தீபாவளியோடு செத்துப்போனது. வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ரேடியோ கேட்டுப் பழகிவிட்டேன்.

மலை ஏற ஏற பிட்ஸ்பர்க் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கரகரவென்று இரைந்து அடங்கும். உச்சியைத் தாண்டியதும் 98.1இல் ஒருவர் பளிச்சென்று வருவார். தன்னை 'ஃபிராகி 98' என்பார். தவளையேதான். கன்ட்ரி பாட்டு, அதாவது இந்த ஊர் நாட்டுப்புறச் சாயல் பாட்டுப் போடும் ஸ்டேஷன். முதலில் அது ஏதோ நிகழ்ச்சியின் பெயர் என்று நினைத்தேன். இல்லை, ஸ்டேஷனே தவளைதான். பென்சில்வேனியாவில் இந்தத் தவளைக்கு அண்ணன் தம்பிகளும் உண்டு. அறிவிப்பாளர்கள்கூடத் தவளைப் பெயரில்தான் பேசுவார்கள். இந்தத் தவளைக் குடும்பத்தில் ஒரு பெண் அறிவிப்பாளரின் பெயர் ஆன் ஃபிபியன். சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஆம்ஃபிபியன், நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி. ஒரு பெரிய மனுஷி, தினமும் குளித்துக் கிளம்பி இந்தப் பெயரில் வேலைக்கு வந்து போயிருக்கிறார்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். பேத்தியைப் பார்க்கக் கூட்டிப்போனேன். மலை இறங்கும்போது தவளை பிடித்துக்கொண்டது.

"என்னடா சொல்றான்?"

"இது தவளை ஸ்டேஷன்மா."

அம்மா குனிந்து முன்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். "மழை வரும்கிறானா?"

இல்லம்மா, ஸ்டேஷன் பேரே அதுதான் என்று விளக்கினேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். டைரோன் தாண்டும்போது சொன்னார்: "வாயை வச்சுப் பொழைக்கிறவன் போயும் போயும் தவளைன்னா பேரு வைப்பான்? அது தன் வாயாலதானே கெடும்?"

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து காது அதிலேயே நிற்கிறது. ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் பெட்ரோல் பில்லின் பின்பக்கம் குறித்துவைக்கிறேன். காளை, ஓநாய், நரி, கழுகு என்று ஒரு காடே சேர்ந்துவிட்டது. கன்ட்ரி பாட்டு என்றால் காளையோ ஓநாயோ தவளையோ, ராக் என்றால் நரியோ கழுகோ, ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. மிருகம் போதாதென்று ஆள் பெயர் வேறு. ஃபிலடெல்ஃபியாவில் 95.7க்குப் பெயர் பென். நம்ம பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான். பட்டம் விட்டு மின்னலைப் பிடித்த மனுஷனைச் செல்லப்பெயரில் கூப்பிட்டு, அவர் பெயரில் பழைய ஹிட் பாட்டுகள் போடுகிறார்கள்.

எங்கள் ஊரில் கேட்டது கொடைக்கானல் பண்பலை, 100.5. மலைமேல் டவர் இருக்கிறது, மலையின் பெயர்தான் ஸ்டேஷனுக்கும் பெயர். அதோடு முடிந்தது.

இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி? யார் வைக்கிறார்கள்? அரசாங்கம் ஒன்றும் கேட்காதா? உங்கள் பக்கத்தில் என்ன பெயர்கள் ஓடுகின்றன என்றும் சொல்லுங்கள். பில்லில் இன்னும் இடம் இருக்கிறது.

சிகாகோ சித்தப்பா:

தம்பி, நீங்கள் கேட்டது தெருவில் கூப்பிடும் பெயர். ரேஷன் கார்டில் உள்ள பெயர் வேறு.

எங்கள் தாத்தா பள்ளிக்கூடத்தில் மணியடித்துக்கொண்டிருந்தவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் 'மணியடிச்சான் வீடு' என்றுதான் பெயர். கதவு எண் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. ஆனால் பத்திரம் பதியப் போனால் மணியடிச்சான் எடுபடாது, முழுப்பெயரும் இனிஷியலும் வேண்டும். இங்கே ரேடியோவும் அதே கதைதான்.

உரிமம் தரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று அல்லது நான்கு எழுத்தில் ஒரு அழைப்புக்குறி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்றால் பெரும்பாலும் 'டபிள்யூ'வில் தொடங்கும், மேற்கே என்றால் 'கே'. உங்கள் பிட்ஸ்பர்கிலேயே விதிவிலக்கு உட்கார்ந்திருக்கிறது, கே.டி.கே.ஏ. 1920 நவம்பர் 2 அன்று ஜனாதிபதித் தேர்தல் முடிவை ஒலிபரப்பிய பழைய ஸ்டேஷன். கிழக்கே இருந்தாலும் 'கே'யோடேயே விட்டுவிட்டார்கள்.

மணிக்கு ஒரு தடவை, மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி, அந்த எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். அது மட்டும்தான் சட்டம். மற்ற நேரமெல்லாம் தவளை என்பாயோ தேரை என்பாயோ, அது உன் பாடு. அடுத்த தடவை அல்டூனா பக்கம் போகும்போது சரியாக மணி மாறும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் இடையில் ஒருவர் மூச்சு விடாமல் 'டபிள்யூ எஃப் ஜி ஒய், அல்டூனா' என்று முணுமுணுத்துவிட்டு ஓடிவிடுவார். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது மட்டும் முழுப்பெயர் சொல்கிறோமே, அந்தச் சுரத்தில்தான் இருக்கும். எஃப், ஜி, ஒய் மூன்றையும் பாருங்கள். ஃபிராகியை அங்கேயே மடித்து வைத்திருக்கிறார்கள்.

பெயரில் விளையாடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. எங்கள் ஊர் டபிள்யூ.எல்.எஸ் 1924இல் சியர்ஸ் கடைக்காரர்கள் ஆரம்பித்தது. வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட் ஸ்டோர், உலகத்திலேயே பெரிய கடை என்பதன் சுருக்கம். டபிள்யூ.ஜி.என் அந்தக் காலத்தில் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையுடையதாக இருந்தது. வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் நியூஸ்பேப்பர், அதாவது உலகத்திலேயே தலைசிறந்த பத்திரிகை. தன்னடக்கம் என்பது இந்த ஊரில் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1925இல் தொடங்கியது. வீ ஷீல்ட் மில்லியன்ஸ், லட்சக்கணக்கானவர்களைக் காக்கிறோம் என்கிற கம்பெனி வாசகத்தையே மூன்று எழுத்தாக்கி, பாட்டுக்கு நடுவில் நாள் முழுக்கப் பாலிசி விற்றிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அட்லாண்டாவின் டபிள்யூ.எஸ்.பி. வெல்கம் சவுத், பிரதர். தெற்கே வாங்க தம்பி, உட்காருங்க. அதில் மட்டும்தான் விற்பனை வாடை இல்லை.

கரிகாலன் 2.0:

ரேடியோவெல்லாம் இன்னும் யார் சார் கேட்கிறார்கள்?

வத்தலகுண்டான்:

நான்தான்.

எரிக்கரைக்காரன்:

சித்தப்பா சட்டத்தைச் சொல்லிவிட்டார். காசு விஷயத்தை நான் சொல்கிறேன். ஏனென்றால் அந்த டைரி என் வீட்டுக்கு வந்தது.

2004. கிளீவ்லாந்துக்கு வந்து இரண்டு வருடம். ஆர்பிட்ரானிலிருந்து போன். யார் எந்த ரேடியோ கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம். ஒரு வாரம் குறித்துத் தருவீர்களா என்றார்கள். மரியாதையாகக் கேட்டார்கள், சரி என்றேன். எனக்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன டைரிகள் தபாலில் வந்தன. உள்ளே சலவை மடிப்புக் கலையாத டாலர் நோட்டுகள். வேலை செய்வதற்கு முன்பே கூலி கொடுத்தால் நம்மாளுக்குக் குற்ற உணர்வு வந்துவிடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தொடங்கி அடுத்த புதன் வரை. நாளுக்கு ஒரு பக்கம். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், எந்த ஸ்டேஷன், வீட்டிலா, காரிலா, வேலை இடத்திலா. ஸ்டேஷன் என்ற கட்டத்தில் அழைப்புக்குறி எழுதலாம், அலைவரிசை எண் எழுதலாம், பெயரும் எழுதலாம். மனைவி வியாழனிலிருந்தே ஒழுங்காக எழுதினாள். நான் புதன்கிழமை ராத்திரி, சாப்பிட்டுவிட்டு, தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

அப்போதுதான் உறைத்தது. வாரம் முழுக்கக் காரில் மூன்று நான்கு ஸ்டேஷன் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஒன்றின் எண்ணும் நினைவில்லை. எழுத்தும் நினைவில்லை. 103 புள்ளி என்னவோ, 105 புள்ளி என்னவோ. ஒன்று மட்டும் பேனா நுனியில் நின்றது: பஸ்ஸர்ட். பிணந்தின்னிக் கழுகு. டபிள்யூ.எம்.எம்.எஸ், 100.7. கையில் டாலர் வாங்கியாயிற்று, கட்டத்தை வெறுமையாக விட மனசில்லை. காலையிலும் கழுகு, மாலையிலும் கழுகு என்று எழுதித் தள்ளினேன். உண்மையில் அந்த வாரம் கழுகை இரண்டு நாள் கேட்டிருந்தால் அதிகம். பாவம், மற்ற ஸ்டேஷன்காரர்கள்.

வத்தலகுண்டான், உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ராத்திரிதான். அந்த டைரிக் கணக்கை வைத்துத்தான் விளம்பர விலை பேசுவார்கள். கேட்டவன் எதைக் கேட்டான் என்பது கணக்கில்லை, கேட்டதாக எதை எழுதினான் என்பதுதான் கணக்கு. என்னைப் போன்ற சோம்பேறி ஒருவன் புதன்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதும்போது மண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். டபிள்யூ எஃப் ஜி ஒய் ஒட்டாது. தவளை ஒட்டும்.

2007இலிருந்து பெரிய ஊர்களில் டைரிக்குப் பதில் ஒரு சின்னக் கருவி கொடுக்க ஆரம்பித்தார்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டால் போதும். ஒலிபரப்புக்குள் மனிதக் காதுக்குப் படாத ஒரு குறி கலந்திருக்கும், அதை அதுவே பிடித்துக்கொள்ளும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை ஆளிடமிருந்து போய்விட்டது. ஆனாலும் அல்டூனா மாதிரி சின்ன ஊர்களில் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் காகிதம்தான். தவளை அங்கே இன்னும் உயிரோடு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கழுகைப் பற்றி ஒரு வார்த்தை. 1974இல் வைத்த சின்னம் அது. ஆலைகள் மூடி, ஜனம் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அதற்கு ஐந்து வருடம் முன்னால் எங்கள் கயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்திருந்தது. ஆறு சார், தண்ணீர் ஓடும் ஆறு. ஊர் சாகக்கிடக்கிறது, மேலே கழுகு வட்டமிடுகிறது என்று ஒரு ராக் ஸ்டேஷன் தன் ஊரையே கிண்டலடித்துக்கொண்டது. 1978 டிசம்பரில் நகராட்சி வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிஜமாகவே கையை விரித்தது. கழுகுக்கு நாக்கு கருநாக்கு.

பூண்டூர்க்காரி:

உங்கள் தவளையை எங்கள் பன்றி தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நான் இருப்பது கில்ராய். கலிஃபோர்னியாவில் பூண்டுக்குப் பேர்போன ஊர். அறுவடைக் காலத்தில் ஹைவேயில் கார் கண்ணாடியை இறக்கினால் ரசம் கொதிக்கிற மாதிரி இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் வாட்சன்வில், அங்கிருந்து வருகிறது கே-பிக், 107.5. அழைப்புக்குறியே கே.பி.ஐ.ஜி என்பதால் சித்தப்பா சொல்கிற ரேஷன் கார்டிலும் பன்றி, தெருவிலும் பன்றி. ஒளிவு மறைவு இல்லை. எண்ணைச் சொல்லும்போது 'பாயின்ட்' என்று சொல்ல மாட்டார்கள். 'நூற்றியேழு ஆய்ங்க் ஐந்து' என்பார்கள். ஆய்ங்க் என்பது இந்த ஊர்ப் பன்றி போடும் சத்தம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பன்றி.

அதற்கும் முன்னால், 1975 முதல் 1983 வரை, எங்கள் கில்ராயிலேயே கே-ஃபாட் என்று ஒன்று இருந்தது. கொழுப்பு. அது மூடியபின் அதே கிறுக்குத்தனத்தைத் தொடர 1988இல் பன்றி வந்தது. கொழுப்பு போய்ப் பன்றி வந்தது டும் டும் டும். பெயரைப் பார்த்து லேசாக எடைபோட வேண்டாம். 1995லேயே இணையத்தில் நேரலையாக ஒலிபரப்ப ஆரம்பித்த ஆட்கள் இவர்கள். அப்போது நான் கோயம்பேடு பக்கம் டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன்.

என் மாமனார் வந்திருந்தபோது மட்டும் அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லவில்லை. கார்த்திகை மாதம், மாலை போட்டிருந்தார். பன்றியிலிருந்து வரும் பாட்டு என்று எப்படிச் சொல்வது?

ஸ்காபரோச் சிவம்:

கனடாவில் இருந்து ஒரு ஆள் வேணும் எண்டால் நான் இருக்கிறன்.

இந்த ஆம்பிளைப் பேர் வைக்கிற வியாதி எங்கட நாட்டில இருந்துதான் அங்கால பரவினது. 2002 மார்ச்சில வின்னிபெக்கில 99.9க்கு பொப் எண்டு பேர் வைச்சினம். அதே வருசக் கடைசியில வன்கூவரில ஜாக். அடுத்த வருசம் ஜூனில ரொறன்ரோவுக்கும் ஜாக் வந்திட்டார், 92.5. அதுக்கு முதல் அந்த இடத்தில இருந்தது கிஸ் எண்ட ஸ்டேஷன். முத்தம் போய் ஜாக் வந்தது.

அப்ப நான் வேலை செய்தது ஒரு பிளாஸ்டிக் வார்க்கிற தொழிற்சாலை. சுப்பர்வைசர் நாள் முழுக்க 92.5தான் போட்டு வைப்பார். எங்களோட புங்குடுதீவு ஐயா ஒருவர் வேலை செய்தவர், அறுபது வயசிருக்கும். இங்கிலீஷ் பெரிசா வராது, ஆனால் பாட்டை விட மாட்டார். ரேடியோவுக்குள்ள இருக்கிறது ஜாக் எண்ட ஒரு பெடியன்தான் எண்டு அவருக்கு முழு நம்பிக்கை. 'ஜாக் தம்பி இண்டைக்கு நல்ல பாட்டாப் போடுறான்' எண்டுவார். சனி ஓவர்டைம் வந்தால், 'பார், இவனும் வந்திட்டான், இந்தத் தம்பிக்கு லீவே இல்லைப் போல' எண்டு கவலைப்படுவார். நாங்கள் ஒருத்தரும் திருத்தேல்லை. திருத்தி என்ன வரப்போகுது.

2009 ஜூனில பழையபடி கிஸ் ஆக்கிப்போட்டினம். திங்கட்கிழமை போறம், ஜாக் இல்லை. ஐயா மெஷினை நிப்பாட்டிப்போட்டு என்னட்டை வந்து மெதுவாக் கேட்டார்: "அந்தப் பெடியனை லே-ஓஃப் பண்ணிப்போட்டாங்களோ?" அந்த வருசம் எங்கட தொழிற்சாலையிலயும் ஆக்களை நிப்பாட்டிக்கொண்டு இருந்த நேரம். அவர் பகிடிக்குக் கேக்கேல்லை.

நியூயோர்க்கிலயும் இதே கூத்து நடந்தது. 101.1இல பழைய பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டேஷனை 2005 ஜூன் 3 அண்டு திடீரெண்டு ஜாக் ஆக்கிச்சினம். அங்க அறிவிப்பாளரே இல்லை, முதலே பதிஞ்சு வைச்ச நக்கல் குரல்தான். சனம் பொறுக்கேல்லை. இரண்டு வருசம் கழிச்சு 2007 ஜூலையில ஜாக்கைக் கலைச்சுப்போட்டு, திரும்பப் பழைய ஸ்டேஷனைக் கொண்டுவந்தினம். பேரை ஆர் வைச்சாலும் பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மாத்தினால்தான் கோவம் வரும்.

சிங்கை ரோடு:

சிங்காநல்லூர்ங்க. நம்ம ஊரில் மட்டும் என்ன குறைச்சலாம்? மிர்ச்சி என்றால் மிளகாய். ஒரு ரேடியோவுக்கு மிளகாய் என்று பெயர் வைத்து, 'இது செம ஹாட் மச்சி' என்று நாக்கைச் சப்புக்கொட்ட வைத்தார்களா இல்லையா? அது முதலில் ஆரம்பித்தது 2001இல் இந்தூரில். காலையிலேயே காரசேவும் அவலும் சாப்பிடும் ஊர், பொருத்தம்தான். திருச்சூர்ப் பக்கம் போனால் ரேடியோ மாங்கோ. மாங்காய்க்கு மிளகாய்த்தூள் தொட்டுக்கொள்ள இரண்டு ஸ்டேஷனும் சரியாக இருக்கும். தமிழில் பதிலுக்குச் சொன்னதென்றால் சூரியன்தான். 'கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க' என்று அவர்கள் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தவர் எங்கள் அப்பா.

அப்பாவுடையது தையல் கடை. எட்டுக்குப் பத்து இடம், இரண்டு மெஷின், ஒரு காஜா மெஷின், அலமாரி மேல் பழைய பிலிப்ஸ் டூ-இன்-ஒன். முள் நகரும் டயல். எண்ணெல்லாம் அழிந்துபோய் 88க்கும் 108க்கும் நடுவில் வெறும் கண்ணாடி. சூரியன் வந்தபோது, முள் நின்ற இடத்துக்கு நேராக அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி ஒட்டினார். சிவப்புப் பொட்டு. அப்புறம் மிர்ச்சி வந்தது, அதற்குப் பச்சை. ஹலோ வந்தபோது வீட்டில் கறுப்புதான் இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கண்ணாடி, புதுப் பெண்ணின் டிரெஸ்ஸிங் டேபிள் மாதிரி ஆகிவிட்டது.

கடையில் யாருக்கும் ஸ்டேஷன் பெயர் தேவைப்படவில்லை. "கண்ணு, பச்சையில் பேச்சாப் போகுது, செவப்புக்கு மாத்து" என்பார் அப்பா, வாயில் ஊசியோடு. துணி வாங்க வந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டு, "கறுப்புல பழைய பாட்டு ஓடும் நேரமாச்சே, வைக்கலையாங்க?" என்று கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லட்ச லட்சமாகச் செலவு செய்து பெயர் வைத்தவர்களுக்குத் தங்கள் பெயர் சிங்காநல்லூரில் 'கறுப்பு' என்று தெரியாது.

எரிக்கரைக்காரரே, அப்பாவிடம் அந்த டைரியைக் கொடுத்திருந்தால் மூன்று நிறத்தில் பொட்டு ஒட்டித்தான் திருப்பி அனுப்பியிருப்பார்.

வத்தலகுண்டான்:

எல்லாருக்கும் நன்றி. பில் நிரம்பி, கேஸ் ஸ்டேஷனில் இன்னொரு பில் வாங்கினேன்.

இந்த ஞாயிறு மகளைக் கொண்டுபோய் விடும்போது சித்தப்பா சொன்னபடி சோதித்துப் பார்த்தோம். கிரெஸன் இறங்கியபோது மணி 3:50. மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் கண்ணை உருட்டினாள், அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு அவளும் காது கொடுத்தாள். ஒரு பாட்டு, டிராக்டர் விளம்பரம், யாரோ மெத்தை விற்றார்கள். 3:59க்கு லாரி ஒன்று பக்கத்தில் வந்து இரைய, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வால்யூமுக்குக் கையை நீட்டி முட்டிக்கொண்டோம். அந்த ஒரு விநாடியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு 'டூனா' மட்டும் கேட்டது. அவளுக்கு 'எஃப் ஜி' வரை கேட்டதாம். இரண்டையும் சேர்த்தால் சித்தப்பா சொன்னது சரி.

அடுத்த மணிக்குக் காத்திருக்கலாம் என்றால் அதற்குள் ஸ்டேட் காலேஜ் வந்துவிட்டது.

டைரி விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன். யாரோ ஒருத்தன் வாரம் முழுக்க எழுதாமல் கடைசி நாள் ராத்திரி ஞாபகத்தில் இருந்ததை எழுதினானாம், அதற்காகத்தான் இப்படிப் பெயர் வைக்கிறார்களாம் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு அன்னிக்குக் கேட்டதுல ஒரு பாட்டுகூட ஞாபகம் இல்லடா."

"ம்."

"தவளை ஞாபகம் இருக்கு. சரி, அங்க மழை உண்டா இப்ப?"

எரிக்கரைக்காரரே, உங்கள் மனைவி எழுதிய டைரியில் என்னென்ன ஸ்டேஷன் இருந்தது என்று கேட்டுச் சொல்லுங்களேன். ஒழுங்காக எழுதியது அவர் ஒருவர்தானே.

எரிக்கரைக்காரன்:

கேட்டேன். வாரம் முழுக்க ஒரே ஸ்டேஷன்தானாம், செய்தி ரேடியோ. பெயர் கேட்டால், "காலையில் ஸ்கூலுக்கு லீவா இல்லையான்னு சொல்லுமே, பனி பெய்ற ரேடியோ" என்கிறாள். டைரியிலும் அப்படியே எழுதினாளா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.